மறைந்த பாடகர் சார்பில் 'வேண்டாம்' என்று சொல்வது யார்?

கேள்வி இதுதான்: "எனக்குப் பிடித்த பாடகர் இறந்து பல வருடம் ஆகிறது. இன்னும் அவர் பெயரில் 'புதிய' ஆல்பம் வருகிறது, படம் வருகிறது, டி-ஷர்ட் வருகிறது, இப்போது ஏ.ஐ. குரலும் வருகிறது. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? பணம் யாருக்குப் போகிறது? ரசிகனாக நான் இவற்றை வாங்குவது சரியா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு சின்னச் சம்பவம்.

2012 பிப்ரவரி 11 அன்று விட்னி ஹூஸ்டன் இறந்தார். மறுநாளே பிரிட்டனின் ஐட்யூன்ஸ் கடையில் அவருடைய தொகுப்பு ஆல்பம் ஒன்றின் விலை 4.99 பவுண்டிலிருந்து 7.99 பவுண்டாக ஏறியிருந்தது. அடக்கம்கூட நடக்கவில்லை. ரசிகர்கள் கொதித்ததும் விலையைப் பழையபடி இறக்கினார்கள். தவறுதலாக நடந்துவிட்டது என்று சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தவறாகவே இருக்கட்டும். பாடகர் இறந்த செய்தி வந்த அந்த இரவில் விற்பனை எகிறும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சில வாரங்களில் அது வடிந்துவிடும் என்பதும் தெரியும். வடிந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான் அசல் வியாபாரம் ஆரம்பிக்கிறது.

விற்க என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மீதி எளிதில் பிடிபடும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து. மெட்டும் வரிகளும் ஒன்று. அது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் உரியது. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி, தொழிலில் 'மாஸ்டர்' என்பார்கள், இன்னொன்று. அது பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனி கையில் இருக்கும். மூன்றாவது சொத்து பாட்டுக்கு வெளியே இருக்கிறது: அந்த ஆளின் பெயர், முகம், குரல், கையெழுத்து, மேடையில் நிற்கிற தோரணை. உயிரோடு இருக்கும்வரை இந்த மூன்றாவதைத் தனியாக எடை போட வேண்டிய அவசியம் வராது. அமெரிக்காவில் பெரிய பாடகர் இறந்தால் போட்டே ஆகவேண்டும். வரித்துறை கேட்கும்.

மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்தபோது, அவருடைய பெயருக்கும் உருவத்துக்கும் மதிப்பு 2,105 டாலர் என்று அவருடைய எஸ்டேட் கணக்குக் காட்டியது. நல்ல கிடார் ஒன்று வாங்கப் போனாலே அந்தப் பணம் போதாமல் போகலாம். வரித்துறை முதலில் அனுப்பிய நோட்டீசில் இருந்த தொகையோ 43.4 கோடி டாலர். வழக்கு இழுத்து, 2021-ல் வரி நீதிமன்றம் 41.5 லட்சம் டாலர் என்று முடித்துவைத்தது. மதிப்பிட வேண்டியது இறந்த நாளில் அந்தப் பெயருக்கு இருந்த விலையை. அன்றைக்கு அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகளால் விளம்பரக் கம்பெனிகள் அண்டாமல் ஒதுங்கிய பெயர் அது. பின்னால் மற்றவர்கள் உழைத்து ஏற்றிய மதிப்பை அந்த நாளின் தலையில் கட்ட முடியாது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை. இறந்தவரின் புகழ் தானாக நிற்பதில்லை, ஆள் வைத்து வளர்க்கிறார்கள் என்று ஒரு நீதிபதியே எழுதிவைத்த மாதிரி.

(எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது இறந்தவர் விட்டுப்போன சொத்து, கடன், உரிமை எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. உயிலில் பெயர் குறிக்கப்பட்டவரோ நீதிமன்றம் நியமித்தவரோ அதைச் சுமப்பார்.)

இதே எஸ்டேட் 2016-ல் ஒரே வருடத்தில் 82.5 கோடி டாலர் ஈட்டியதாக ஃபோர்ப்ஸ் கணக்குப் போட்டது. அதில் 75 கோடி, சோனியுடன் கூட்டாக வைத்திருந்த பாடல் பதிப்பு நிறுவனத்தின் பாதிப் பங்கை விற்ற பணம். அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய புதையல் பீட்டில்ஸ் பாடல்கள், 1985-ல் 4.75 கோடி டாலர் கொடுத்து அந்தப் பட்டியலை வாங்கியிருந்தார் ஜாக்சன். ஆக, இறந்த பாடகர்களில் அந்த வருடம் அதிகம் சம்பாதித்தவருக்குப் பெரும்பணம் வந்தது அடுத்தவர் எழுதிய பாட்டிலிருந்து.

மூட்டைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. எந்தச் சொத்துப் பட்டியலிலும் அது வராது. மறுக்கும் உரிமை. பாடகர் ஒருவரின் வாழ்நாளில் பாதி 'வேண்டாம்' சொல்வதில் கழிகிறது. இந்த டேக் சரியில்லை, இந்தப் பாட்டு வெளியே போகக் கூடாது, அந்த பானத்துக்கு விளம்பரம் செய்யமாட்டேன், இந்தப் போட்டோவை அட்டையில் போடாதே. நாம் கேட்டு ரசிப்பது அவர் 'சரி' சொன்னவற்றை மட்டும். ஆள் போனதும் பாட்டு அப்படியே இருக்கிறது, குரலும் நாடாவில் இருக்கிறது, ஆனால் அந்த 'வேண்டாம்' வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. யார் கைக்குப் போனது, அவருக்குப் பணம் எவ்வளவு அவசரம் என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

எல்விஸ் பிரெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் அவருடைய மேனேஜர் டாம் பார்க்கர், அதுவரை பதிவான பாடல்களுக்கு இனி வரப்போகும் ராயல்டியை மொத்தமாக ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 54 லட்சம் டாலருக்கு விற்றார். அதிலும் பாதி மேனேஜருக்கு. 1977 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் இறந்தபோது மகளுக்கு 9 வயது. பழைய பாட்டு எவ்வளவு ஓடினாலும் அவளுக்குப் பதிவிலிருந்து ராயல்டி இல்லை. மெம்ஃபிஸில் இருந்த கிரேஸ்லாண்ட் வீட்டைப் பராமரிக்கவே வருடத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. விற்பதற்குப் பாட்டு இல்லாத நிலையில் மிச்சம் இருந்தது வீடும் பெயரும். விவாகரத்தான முன்னாள் மனைவி பிரிசில்லாதான் எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தார். 1982 ஜூன் 7 அன்று வீட்டைக் காட்சிக்குத் திறந்தார். திறக்கச் செலவான பணம் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டது.

பெயரைக் காப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒருவர் இறந்ததும் அவருடைய பெயர் பொதுச்சொத்து என்று 1980-ல் வேறொரு எல்விஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. யார் வேண்டுமானாலும் எல்விஸ் பொம்மை செய்து விற்கலாம் என்ற நிலை. டென்னசி மாநிலம் 1984-ல் தனிச் சட்டம் போட்டு, பெயரும் உருவமும் வாரிசுக்குப் போகும் சொத்துதான் என்று ஆக்கியது. இன்று உலகம் முழுவதும் மறைந்த பாடகர்களை வைத்து நடக்கும் தொழிலுக்கு இந்த இரண்டும்தான் மாதிரி: ஒரு வீடு, ஒரு சட்டம்.

கிரேஸ்லாண்டில் ஒரு சங்கதி எனக்குப் பிடிக்கும். பார்வையாளர்கள் கீழ்த்தளம் முழுக்கச் சுற்றலாம், தோட்டத்தில் இருக்கும் சமாதி வரை போகலாம். மாடிக்கு மட்டும் அனுமதி இல்லை. அவர் படுக்கையறையும், உயிர் பிரிந்த குளியலறையும் மேலேதான். மாடிக்குத் தனி டிக்கெட் போட்டால் கூட்டம் அலைமோதும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. இத்தனை வருடமாகியும் போடவில்லை.

அடுத்து ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லி. 1981 மே மாதம் 36 வயதில், உயில் எழுதாமல் இறந்தார். மூன்று வருடம் கழித்து ஐலண்ட் ரெக்கார்டு கம்பெனியில் டேவ் ராபின்சன் என்பவர் 'லெஜெண்ட்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். மார்லியை ஏன் வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவதில்லை என்று முதலில் ஆளனுப்பிக் கேட்டார்கள். அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் கோபமும் கஞ்சாப் புகையும் மிரட்டுகிறது என்று தெரியவந்தது. அதற்கேற்பப் பாடல்களைப் பொறுக்கினார்கள்: காதலும் ஆறுதலும் முன்னால், புரட்சி கொஞ்சம் தொட்டுக்கொள்ள. அட்டையில் சாந்தமாக, மோவாயருகே கையை வைத்து யோசிக்கும் முகம். விளம்பரத்தில் 'ரெகே' என்ற சொல்லையே தவிர்த்தார்கள். இரண்டரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 800 வாரங்களைத் தாண்டி நிற்கிறது.

பலருக்கு மார்லி என்றால் இந்த ஒரு ஆல்பம்தான். இதைத் துரோகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் முழுசாகச் சேரமாட்டேன். பொறுக்கியது அவர்கள்தான் என்றாலும் அத்தனையும் மார்லி தானே பாடியவை, 'பஃபலோ சோல்ஜர்' தவிர மற்றவை உயிரோடு இருந்தபோதே வெளிவந்தவை. யாரும் புதிதாக ஒரு வரி சேர்க்கவில்லை. ஆனால் ஆளைக் கொஞ்சம் செதுக்கினால் சந்தை பல மடங்கு பெரிதாகும் என்ற பாடத்தை இந்த வெற்றிதான் மற்ற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது.

வாழ்க்கைப் படங்கள் எல்லாம் ஏன் ஒரே வார்ப்பில் இருக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். பாட்டைத் தருவது எஸ்டேட். கதை பிடிக்கவில்லை என்றால் பாட்டு கிடையாது. 2013-ல் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றி ஒரு படம் வந்தது. அவர் எழுதிய ஒரு பாட்டுகூட அதில் இல்லை, குடும்பம் தரவில்லை. 2020-ல் வந்த டேவிட் போவி படத்திலும் போவி எழுதிய பாட்டு இல்லை. ஹென்ட்ரிக்ஸ் பாட்டு இல்லாத ஹென்ட்ரிக்ஸ் படத்தை யார் போய்ப் பார்ப்பார்கள்? எனவே தயாரிப்பாளர் முதலிலேயே குடும்பத்தோடும் சக கலைஞர்களோடும் கைகோத்துவிடுவார். குவீன் என்ற ராக் குழுவில் உயிரோடு இருப்பவர்களின் துணையோடு 2018-ல் வந்த படம் உலகமெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தப் படத்தில் குழுவின் மறைந்த பாடகர் பிரெடி மெர்குரி வழிதவறிப் போகிறார், குழு அவரை மன்னித்து ஏற்றுக்கொள்கிறது. கதையை யார் பார்வையில் சொல்கிறார்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி 'புதிய' ஆல்பம். இது நேற்று முளைத்த வழக்கம் என்று நினைக்காதீர்கள். 1791 டிசம்பரில் மொசார்ட் இறந்தபோது மனைவி கான்ஸ்டான்சுக்கு மிஞ்சியது கடனும் இரண்டு குழந்தைகளும் முடிவுபெறாத ஒரு ரெக்வியமும் (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை). அதற்கு முன்பணம் வாங்கியாயிற்று. முடிக்காவிட்டால் மீதி வராது. கணவரோடு பழகிய சூஸ்மையரைப் பிடித்து முடிக்கவைத்தார், நினைவுக் கச்சேரிகள் நடத்தினார், கையெழுத்துப் பிரதிகளைக் கட்டாக ஒரு பதிப்பாளருக்கு விற்றார், பிற்பாடு இரண்டாவது கணவர் எழுதிய மொசார்ட் வரலாற்றை வெளிக்கொண்டுவந்தார். இன்றைய எஸ்டேட் நிர்வாகி செய்வதில் ஹோலோகிராம் தவிர அத்தனையும் அந்த அம்மாள் செய்துவிட்டார். அவர் அலையவில்லை என்றால் எத்தனை பிரதிகள் அடுப்புக்குப் போயிருக்குமோ.

பியானோ இசையமைப்பாளர் ஷோபன் விஷயம் இன்னும் சங்கடம். வெளியிடாத எழுத்தையெல்லாம் எரித்துவிடச் சொல்லிவிட்டு 1849-ல் இறந்தார். தாயும் சகோதரிகளும் சம்மதிக்க, நண்பர் ஃபொன்டானா 1855-ல் அவற்றில் சிலவற்றை அச்சிட்டார். இன்று பியானோ கற்கிறவர்கள் ஆசைப்பட்டு வாசிக்கும் ஃபான்டசி-இம்ப்ரம்ப்டு அதில் ஒன்று. அவர் 'வேண்டாம்' என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஃபொன்டானா அதை மதித்திருக்கலாமே என்று என்னால் மனசாரச் சொல்ல முடியவில்லை.

ஷோபனுக்காவது அவர் எழுதியதை எழுதியபடி அச்சிட்டார்கள் என்று ஓரளவு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஹென்ட்ரிக்ஸுக்கு அதுகூட இல்லை. உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. 1970 செப்டம்பரில் 27 வயதில் போய்விட்டார். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் ஓடிய நாடாக்கள் கிடந்தன. எழுபதுகளின் நடுவில் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர் அவற்றைக் கையில் எடுத்தார். 1975-ல் 'கிராஷ் லாண்டிங்' வந்தது. கிடாரும் குரலும் ஹென்ட்ரிக்ஸ். டிரம்ஸ், பேஸ் போன்றவற்றை அழித்துவிட்டு, ஹென்ட்ரிக்ஸை ஒருநாளும் சந்தித்திராத ஸ்டுடியோ வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு மேலே வாசிக்கவைத்தார்கள். போதாததற்குச் சில பாட்டில் டக்ளஸ் தன் பெயரையும் இணை இசையமைப்பாளராகப் போட்டுக்கொண்டார். 1995-ல்தான் நீண்ட வழக்குக்குப் பிறகு உரிமை ஹென்ட்ரிக்ஸின் தந்தை கைக்கு வந்தது. குடும்ப நிறுவனம் அந்தக் கலப்படத்தை ஓரங்கட்டிவிட்டுப் பழைய ஒலியைத் தேடி எடுத்து வெளியிட ஆரம்பித்தது. அதே தந்தை 2002-ல் இறந்ததும், உயிலில் ஹென்ட்ரிக்ஸின் சொந்தத் தம்பிக்கு இடமில்லை, வளர்ப்புத் தங்கைக்குத்தான் நிர்வாகம் என்று அடுத்த வழக்கு கிளம்பியது. அது வேறு கதை.

வழக்கு என்றதும் உயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் தன் மாஸ்டர்களுக்காக ரெக்கார்டு கம்பெனியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர், கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறியவர். 2016 ஏப்ரலில் அவர் இறந்தபோது உயில் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வீட்டு அடித்தளத்தில் இருந்த பெட்டகத்தைத் துளைபோட்டுத் திறந்து, உள்ளே இருந்த நாடாக்களை வேறு ஊரில் இருந்த பாதுகாப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். எஸ்டேட்டின் மதிப்பு 8.23 கோடி டாலர் என்று நிர்வாகி சொல்ல, 16.32 கோடி என்று வரித்துறை சொல்ல, ஆறு வருடம் ஓடி 15.64 கோடியில் முடிந்தது. அமெரிக்காவில் வாரிசு வரி 40 சதவீதம் வரை போகும். இறந்து 9 மாதத்துக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பாட்டை வைத்து வரி கட்ட முடியாது. எதையாவது விற்றாக வேண்டும், இல்லை உரிமம் கொடுக்க வேண்டும். இறந்த ஓரிரு வருடத்துக்குள் ஒரு பாடகரின் பெயரில் இத்தனை ஒப்பந்தம் ஏன் குவிகிறது என்று கேட்டால், பேராசைக்கு முன்னால் இந்த 9 மாதக் கெடுவைத்தான் சொல்வேன்.

பிரின்ஸின் உடன்பிறப்புகளில் சிலர் தங்கள் பங்கை பாடல் உரிமைகளை வாங்கும் பிரைமரி வேவ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இந்தப் பெயரை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். விட்னி எஸ்டேட்டில் பாதிப் பங்கை 2019-ல் வாங்கியது இவர்கள். அதே வருடம், ஜப்பானியப் பதிப்பில் மட்டும் இருந்த விட்னியின் பழைய பதிவொன்றை நார்வே டி.ஜே. கைகோ ரீமிக்ஸ் செய்ய, அது உலகமெங்கும் ஓடியது. ஜேம்ஸ் பிரவுன் 2006 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். சொத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று எழுதிவைத்திருந்தார். 15 வருடம் வழக்கு நடந்து, கடைசியில் சுமார் 9 கோடி டாலருக்கு இதே நிறுவனம் வாங்கிய பிறகுதான் அந்தப் படிப்புப் பணத்துக்கு வழி பிறந்தது. அரேதா ஃபிராங்க்ளின் உயில் எழுதவில்லை என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் சோபா மெத்தைக்கு அடியில் இருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் 2014-ல் கைப்பட எழுதியது கிடைத்தது. கிறுக்கலும் அடித்தலுமாக இருந்த அதுதான் செல்லும் என்று 2023 ஜூலையில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டது.

இப்போது குரல். இங்கேதான் மறுக்கும் உரிமை ரொம்ப நைந்துபோயிருக்கிறது.

1991-ல் நாட்டலி கோல், 1965-ல் மறைந்த தன் தந்தை நாட் கிங் கோலின் பழைய பதிவோடு சேர்ந்து பாடி கிராமி வாங்கினார். அதில் தந்தை புதிதாக எதையும் பாடவில்லை. 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் கோசெல்லா இசை விழா மேடையில், மறைந்த ராப் பாடகர் டுபாக் ஷகூர் 'தோன்றினார்'. எல்லோரும் ஹோலோகிராம் என்றார்கள். உண்மையில் அது 1860-களில் லண்டனில் பெப்பர் என்பவர் காட்டிய கண்ணாடி வித்தைதான், கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். எனக்கு அந்த வித்தை பெரிய விஷயமில்லை. வந்ததும் அந்த உருவம் கோசெல்லா என்று பெயர் சொல்லிக் கூட்டத்தைக் கூப்பிட்டது. டுபாக் இறந்தது 1996-ல். கோசெல்லா தொடங்கியது 1999-ல். அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தது யாரோ.

2019 டிசம்பர் 31 அன்று ஜப்பான் தொலைக்காட்சியில், முப்பது வருடங்களுக்கு முன் இறந்த மிசோரா ஹிபாரியின் குரலை யமஹாவின் ஏ.ஐ. கொண்டு உருவாக்கி ஒரு புதுப் பாட்டைப் பாடவைத்தார்கள். நடுவே பேச்சும் உண்டு: பார்த்து ரொம்ப நாளாயிற்று, உங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தேன் என்கிற மாதிரி. அழுதவர்கள் நிறைய. பாடகர் யமாஷிதா தத்சுரோ இது இறந்தவரை நிந்திப்பது என்று வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு வரைக்கும் எனக்கு இரண்டு மனம் உண்டு. அந்தப் பேச்சு வரும் இடத்தில் யமாஷிதா பக்கம் போய்விடுகிறேன்.

பீட்டில்ஸின் 2023 பாட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது நேர்மாறு. லெனான் எழுபதுகளில் வீட்டு கேசட்டில் பதிந்த குரலை, மேலே படிந்திருந்த பியானோ ஒலியிலிருந்து மென்பொருள் பிரித்தெடுத்தது. குரல் அவருடையது, மூச்சு அவருடையது. 1995-ல் முயன்று முடியாமல் விட்டதுதான். மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கப் பாடகி செலீனாவுக்கு 2022-ல் நடந்தது நடுவில் எங்கோ நிற்கிறது: சிறுமியாக இருந்தபோது பாடியதை அண்ணனே கணினியில் கொஞ்சம் முதிர்ந்த குரலாக மாற்றி வெளியிட்டார்.

நம் பக்கம் 2024 ஜனவரியில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். கேட்டது, கேட்காதது என்ற வித்தியாசம் பெரிது. ஆனால் கேட்டவர்களும் குடும்பத்தைத்தான் கேட்க முடிந்தது.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் இறந்து 70 வருடம் வரை முகமும் குரலும் வாரிசுக்குச் சொத்து. நியூயார்க்கில் 40. டென்னசி 2024-ல் குரலைப் போலி செய்வதற்கு எதிராகவே சட்டத்தைத் திருத்தியது. அதற்கு எல்விஸ் சட்டம் என்றே பெயர். பிரிட்டனில் அப்படித் தனி உரிமை இல்லை. இந்தியாவில் பாட்டின் பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 வருடம் நீடிக்கிறது. பெயர், முகம், குரல் மீதான ஆளுமை உரிமையோ அந்த ஆளோடு போய்விடுகிறது, வாரிசுக்கு வராது என்று ஒரு மறைந்த நடிகரின் தந்தை தொடுத்த வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அதாவது பாட்டுக்கு வேலி இருக்கிறது, பாடிய தொண்டைக்கு இல்லை.

பாடகர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களே முந்திக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக் 2021-ல் கையில் பச்சை குத்திக்கொண்டார்: நான் போன பிறகு என் பெயரில் எதையும் வெளியிடாதீர்கள், அவை வெறும் டெமோக்கள், அதாவது வெள்ளோட்டப் பதிவுகள் என்று. பச்சை உயிலாகுமா என்றால், அது சந்தேகம்தான். மறைந்த பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் விஷயத்தில் அவருடைய ரெக்கார்டு கம்பெனியின் பிரிட்டன் தலைவர் மீதமிருந்த டெமோக்களை அழித்துவிட்டதாக 2015-ல் சொன்னார், தனக்குப் பின்னால் வருகிறவர் யாரும் கைவைக்கக் கூடாது என்பதற்காக. அழித்தது சரியா தவறா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் ஷோபனை வாசிக்கிறவன், அதனால் அந்தச் சண்டையில் எனக்கு வாய் கிடையாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: வாங்கலாமா?

நான் முதலில் பார்ப்பது, முடித்தது யார், பாடகருக்கு அவரைத் தெரியுமா என்பதை. ராப் பாடகர் மாக் மில்லர் 2018 செப்டம்பரில் இறந்தார். அவரோடு அந்த ஆல்பத்தில் ஏற்கெனவே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஜான் பிரையன்தான் மீதியை முடித்தார். 2020 ஜனவரியில் குடும்பமே தயங்கித் தயங்கி, எங்களுக்கும் இதில் சரியான பதில் தெரியவில்லை என்ற தொனியில் அறிவித்தது. தயங்குகிறவர்களை நான் நம்புவேன். மறைந்த ஸ்வீடன் டி.ஜே. அவிச்சியின் ஆல்பமும் அப்படித்தான்: பாடல்கள் கிட்டத்தட்ட முடிந்திருந்தன, குறிப்புகளும் இருந்தன, கூட வேலை செய்தவர்களே முடித்தார்கள், வரும் பணம் அவர் பெயரில் இருக்கும் அறக்கட்டளைக்கு.

இன்னொன்று, பின்னட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மைக்கேல் ஜாக்சன் பெயரில் 2010 டிசம்பரில் வந்த ஆல்பத்தில் மூன்று பாட்டு அவர் குரலே இல்லை என்று, ஆல்பம் வந்த நாளிலேயே ரசிகர்கள் காது வைத்துச் சொன்னார்கள். வேரா செரோவா என்ற ரசிகை 2014-ல் வழக்கே போட்டார், போலிச் சரக்கை விற்ற கம்பெனியை ஒரு நுகர்வோர் கேட்கிற மாதிரி. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ல் அந்த மூன்று பாட்டையும் இணையத் தளங்களிலிருந்து சத்தமில்லாமல் எடுத்தார்கள். அதன்பின் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எஸ்டேட்டும் கம்பெனியும் 'சரி' சொன்ன ஒன்றுக்கு 'வேண்டாம்' சொன்னது காசு கொடுத்து வாங்கிய ஒரு ஆள்.

என்னிடம் 'கிராஷ் லாண்டிங்' ரெக்கார்டு ஒன்று இருக்கிறது, பழையதாக வாங்கியது. கிடார் நிஜமாகவே அவருடையதுதான், சில இடங்களில் முடி சிலிர்க்கும். பின்னால் அடிக்கிற டிரம்ஸ்காரர் அவர் செத்து சுமார் நான்கு வருடம் கழித்து, ஹெட்போனில் கேட்டபடி அடிக்கிறார். அவரும் திறமைசாலிதான், பாவம். அதைத் தூக்கிப்போடவில்லை. அலமாரியில் ஹென்ட்ரிக்ஸ் வரிசையில் வைக்காமல், 'டி' எழுத்தில், டக்ளஸ் பெயருக்குக் கீழே வைத்திருக்கிறேன்.